இட்லி இறங்குகிறது, தண்ணீர் மட்டும் ஏன் புரையேறுகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் ஓரளவு தேறி, இப்போது நடக்கிறார். ஆனால் தண்ணீர், காபி எது குடித்தாலும் புரையேறி இருமுகிறார். இட்லியும் குழைந்த சாதமும் சிரமமில்லாமல் இறங்குகின்றன. வாய் எப்போதும் வறண்டு கிடக்கிறது. எதிலும் ருசியில்லை என்று ஊறுகாய் கேட்கிறார். பயந்துபோய் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துத் தருகிறோம். நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். எடை 5 கிலோ குறைந்துவிட்டது. "வயசானா அப்படித்தான், தலையில தட்டித் தண்ணி குடு" என்கிறார்கள் உறவினர்கள். தண்ணீரைக் குறைத்துவிடலாமா? வெறும் கஞ்சியாகவே கொடுத்தால் போதுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வயதானால் விழுங்குவது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை தண்ணீர் குடிக்கும்போதும் புரையேறுவது வயதின் வேலை இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் கோளாறு இருக்கும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். நான்கு மாதம் கழித்தும் அப்பாவுக்கு அது நீடிக்கிறது, எடையும் 5 கிலோ இறங்கியிருக்கிறது என்றால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தண்ணீரைக் குறைக்காதீர்கள். அவர் குடிக்கும் விதத்தை மாற்றுங்கள். மிக்சியையும் பெரும்பாலும் ஒதுக்கி வையுங்கள். அப்பாவின் புரையேற்றம், வாய் வறட்சி, ருசியின்மை மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. அதனால் விழுங்குவது எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

தொண்டையில் மூச்சும் சோறும் ஒரே வழியாகத்தான் வருகின்றன. குரல்வளை முன்னால், உணவுக்குழாய் அதற்குப் பின்னால். ஒரு வாய் உணவை நாக்கு பின்னுக்குத் தள்ளியதும், ஏறத்தாழ ஒரு நொடிக்குள் பல வேலைகள் வரிசை தப்பாமல் நடக்க வேண்டும். மேல் அண்ணத்தின் மென்மையான பின்பகுதி எழும்பி மூக்கை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குரல்வளை முழுவதும் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் மேலும் முன்னும் நகர்கிறது. குரல்வளை மூடி அதன் வாயின் மேல் கவிழ்கிறது. அந்த நேரத்தில்தான் உணவுக்குழாயின் மேல்வாய்த் தசை தளர்ந்து திறக்கிறது. தொண்டை மேட்டில் இரண்டு விரல் வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த மேடு மேலே ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். அப்பாவின் தொண்டையிலும் இதே போல விரல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வாய்க்குள் போன பிறகு எவ்வளவு தாமதமாக அந்த மேடு எழும்புகிறது என்பதைக் கவனியுங்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவல் அது.

இந்த வரிசையை நடத்துவது மூளைத்தண்டிலுள்ள ஒரு மையம். பெருமூளை அதற்கு உத்தரவும் வேகமும் தருகிறது. வலது கை, கால் விழுந்ததால் அப்பாவுக்கு மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு விழுங்கும் எழுச்சி அரை நொடியோ ஒரு நொடியோ தாமதிக்கும். இட்லிக்கு அந்தத் தாமதம் பெரிதில்லை. கெட்டியாகத் திரண்ட கவளம் நாக்கின் மேல் காத்திருக்கும். தண்ணீர் காத்திருக்காது. உதட்டைத் தாண்டியதும் வழிந்து, குரல்வளை மூடுவதற்கு முன்பே அதன் வாசலுக்கு வந்துவிடும். இட்லி இறங்கித் தண்ணீர் மட்டும் புரையேறுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

அடுத்துச் சொல்வதை இன்றைக்கே செய்யுங்கள். நம் வீடுகளில் டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் உண்டு. அப்பாவுக்கு இனி அது கூடாது. தலை பின்னால் சாயும்போது குரல்வளை மேலெழுந்து மூடுவது கடினமாகிறது, தண்ணீரும் நேராகக் கொட்டுகிறது. அப்பாவுக்கு இதைவிட மோசமான நிலை வேறில்லை. டம்ளரில் வாய் வைத்துக் குடித்தாலும், கடைசிக் கால் டம்ளரைக் காலி செய்யத் தலையைச் சாய்க்கத்தான் வேண்டியிருக்கும். குறுகலான எவர்சில்வர் டம்ளரை மாற்றி, அகலமான வாயுள்ள கப் கொடுங்கள். பாதிக்குக் கீழே இறங்குவதற்குள் மறுபடி ஊற்றுங்கள். பிளாஸ்டிக் கப்பின் விளிம்பில் மூக்கு நுழையும் அளவுக்கு அரைவட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்து, வெட்டிய ஓரத்தை மழமழப்பாக்கி, அந்தப் பக்கம் மூக்கை நோக்கி இருக்கும்படி பிடித்துக் குடிக்கக் கொடுத்தால் தலையைச் சாய்க்கவே வேண்டாம். ஸ்ட்ரா வேண்டாம். உறிஞ்சும் வேகத்தில் திரவம் ஒரேயடியாகத் தொண்டையின் பின்பக்கம் போய் விழும்.

உட்காரும் விதமும் முக்கியம். கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி வேண்டாம். நாற்காலியில் இடுப்பு பின்னால் ஒட்டி, முதுகு நேராக, இரண்டு பாதமும் தரையில் பட உட்காரட்டும். ஒரு மடக்கு என்பது ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. வாயில் வாங்கியதும் மோவாயை மார்பை நோக்கிக் கொஞ்சம் இறக்கி, மூச்சைப் பிடித்து விழுங்கி, பிறகு வாயில் ஒன்றும் இல்லாமல் இன்னொரு முறை விழுங்கட்டும். பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த மடக்கு. குரலில் ஈரமும் கரகரப்பும் இருந்தால் குரல் நாணின் மேல் ஏதோ தங்கியிருக்கிறது. மெதுவாகக் கனைத்து மறுபடி விழுங்கச் சொல்லுங்கள். மோவாயை இறக்குவது தாமத விழுங்கலில் பலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. பரிசோதனையில் இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும்போது டிவியை நிறுத்திவிடுங்கள், பேச்சும் கொடுக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு 30 நிமிடமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

வெறும் கஞ்சியாகவே, அதாவது கெட்டியாக்கியே கொடுத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கெட்டித் திரவம் மெதுவாக ஓடும், தாமதமாக வரும் விழுங்கலுக்கு நேரம் தரும். அதனால் உதவும். அளவு மீறினால் கெடுதல். தொண்டையில் இரு பக்கமும் குழிகள் உண்டு. களி போன்ற பானம் அவற்றில் படிந்து நின்று, விழுங்கி முடித்து மூச்சிழுக்கும்போது உள்ளே விழும். மேலும் கெட்டிப் பானமே கதியென்று இருப்பவர்கள் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். உடலில் நீர் வற்றும், சிறுநீர் அடர் மஞ்சளாகும். பானத்தைக் கெட்டியாக்கினால், நுரையீரலுக்குள் போவதால் வரும் நிமோனியா காய்ச்சலே வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பரிசோதனை முடியும்வரை, பொதுவாக ஓரளவு கெட்டி என்ற நிலை போதும்.

அதை அளக்க வீட்டிலேயே வழி உண்டு. ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுமுறையில் சிரிஞ்ச் சோதனை என்று இருக்கிறது. 0 முதல் 10 மில்லி வரையுள்ள கோடுகளின் மொத்த நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கும் சிரிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்கேலில் அளந்தே வாங்குங்கள், நீளம் வேறானால் கணக்கு தப்பும். ஊசி வேண்டாம். பிஸ்டனை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மில்லி வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். 1 மில்லிக்குக் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீருக்குச் சமம். 1 முதல் 4 வரை லேசான கெட்டி, 4 முதல் 8 வரை ஓரளவு கெட்டி, 8-க்கு மேல் அதிகக் கெட்டி. எதுவுமே சொட்டாவிட்டால் அது கரண்டியில் சாப்பிடும் களி. 200 மில்லி தண்ணீருக்கு 2 டீஸ்பூன் கேழ்வரகு மாவில் தொடங்கி, காய்ச்சி, கட்டியில்லாமல் வடிகட்டி, சிரிஞ்சில் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி ஆற ஆற இறுகும். அதனால் அப்பா குடிக்கும் சூட்டிலேயே அளக்க வேண்டும்.

கஞ்சியில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மாவுச்சத்தை உடைக்கும். அப்பா வாயில் வைத்த கரண்டியை மறுபடி கப்புக்குள் விட்டால், கரண்டியோடு போன எச்சில் கஞ்சியை நீர்க்கச் செய்துவிடும். முதல் நாலு கரண்டி ஒழுங்காக இறங்கியது, கடைசியில் மட்டும் புரையேறியது என்று வீட்டில் சொல்வார்கள். காரணம் பல சமயம் இதுதான். சந்தேகமிருந்தால் கொஞ்சம் கஞ்சியைத் தனியே எடுத்து எச்சில் கரண்டியால் கலக்கி வைத்துப் பாருங்கள், சில நிமிடங்களில் ஓடத் தொடங்கும். கப்பிலிருந்து எடுக்க ஒரு கரண்டி, ஊட்ட ஒரு கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கெட்டியாக்கும் பொடி வாங்குவதானால், சாந்தன் கம் கலந்ததாகக் கேளுங்கள். எச்சில் பட்டு அது நீர்க்காது.

இனி வறட்சி. ஆரோக்கியமானவருக்கு ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மில்லி அளவு. மெல்லத் தொடங்கியதும் அது பல மடங்காகும், தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். காதுக்கு முன்னாலும், தாடைக்கு அடியிலும், நாக்குக்கு அடியிலும் ஒவ்வொரு ஜோடி பெரிய சுரப்பிகள் இருக்கின்றன. சும்மா இருக்கும் நேரத்தில் அதிகம் தருவது தாடைக்கு அடியில் உள்ளது. மெல்லும்போது காதுக்கு முன்னால் உள்ளது வேகமெடுக்கும். மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் அதன் வாய் திறக்கிறது. மெல்லுவதே எச்சிலைச் சுரக்கச் செய்யும் முதல் விசை. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து மெல்லும் வேலையைப் பறித்துவிட்டதால் அப்பாவின் வாய் இன்னும் வறள்கிறது.

மருந்துகளையும் பாருங்கள். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமின், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின் ஆகியவை வாயை வறட்டுவதில் முன்னணியில் நிற்பவை. சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளும் சேரும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய், எது வறட்டுகிறது, அதற்கு மாற்று உண்டா என்று கேளுங்கள். எச்சில் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாய் சப்பக் கொடுக்காதீர்கள். அது நழுவித் தொண்டையை அடைக்கும். வாய் கொப்பளிக்கச் சொல்வதும் இப்போதைக்கு வேண்டாம். நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் அடிக்கடி துடைத்துவிடுங்கள்.

ருசியில்லை என்று அவர் சொல்வதை நம்புங்கள். நாக்கிலுள்ள சுவை மொட்டுகள் எச்சிலில் கரைந்ததைத்தான் அறியும். உங்கள் நாக்கைச் சுத்தமான துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு நுனியில் நாலு சர்க்கரைத் துகள் வைத்துப் பாருங்கள். எச்சில் ஊறும்வரை இனிப்பு தெரியாது. அப்பாவுக்கு எல்லா வேளையும் ஏறக்குறைய அப்படித்தான். இன்னொன்று, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (தக்காளி, காளான் போன்றவற்றில் தெரியும் செறிந்த சுவை) தவிர நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போதும் விழுங்கிய பின் மூச்சுவிடும்போதும் தொண்டையின் பின்புறமாக அது மூக்குக்கு ஏறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஏலக்காய் விதையை மென்று பாருங்கள், காரம் மாதிரி ஏதோ தெரியும். மூக்கை விட்ட நொடியில்தான் ஏலக்காய் என்று தெரியும். மிக்சியில் சாதம், குழம்பு, காய் மூன்றையும் சேர்த்து அடித்தால் ஒரே நிறம், ஒரே மணம், மெல்லவும் ஒன்றுமில்லை. தட்டைத் தள்ளாமல் என்ன செய்வார்?

இரத்த அழுத்தம் இருந்தால் ஊறுகாயின் உப்பு கூடாது. அதற்குப் பதில் பருப்பு மசியலில் சில சொட்டு எலுமிச்சை, வறுத்து நைசாகப் பொடித்த சீரகம், கொத்தமல்லி அரைத்த விழுது கொடுங்கள். புளிப்பு எச்சிலைச் சுரக்கச் செய்யும், விழுங்கும் எழுச்சியையும் சற்று விரைவாகத் தூண்டும். எலுமிச்சையை உணவில் சேருங்கள், நீர்த்த ஜூஸாகக் கொடுக்காதீர்கள். அமிலமான திரவம் நுரையீரலுக்குள் போனால் அதிகம் புண்ணாக்கும். மிளகுத்தூளைத் தூவாமல் கலந்து சமையுங்கள். தூவினால் மூச்சோடு ஏறி இருமலைக் கிளப்பும். ஒவ்வொரு பதார்த்தத்தையும் தனித்தனியாக மசித்துத் தட்டில் தனித்தனியாக வையுங்கள்.

எதை எப்படி மசிப்பது? மிக்சிக்குப் பதில் முள்கரண்டி. அதன் பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். துண்டுகள் அதற்குள் அடங்கி, ஈரமாக, கரண்டியில் திரண்டு நின்றால் சரி. குழைந்த சாதத்தில் கெட்டிப் பருப்பும் நெய்யும், தயிர் சாதம் தண்ணீர் பிரியாமல், வாழைப்பழம், வேகவைத்த பூசணி, முட்டைப் பொடிமாஸ் ஈரமாக. சாம்பார் இட்லி கொடுக்கலாம், சாம்பார் முழுக்க இட்லியில் ஊறி, தனியாக ஓடாமல் இருந்தால் மட்டும். ரசம் சாதம்தான் பெரிய ஆபத்து. சாதத்தை மெல்லும்போதே ரசம் தனியே ஓடித் தொண்டைக்கு வந்துவிடும். தர்பூசணி, ஆரஞ்சு, சாத்துக்குடிச் சுளைகளும் கடித்தவுடன் சாறு விடுபவை. ஐஸ்கிரீம் வாயில் உருகித் தண்ணீராகிவிடும். பொரி, மிக்சர், முறுக்கு, வேர்க்கடலை, முழுத் திராட்சை, நார்க்கீரை ஆகியவற்றை ஒதுக்குங்கள். தாளித்த கடுகையும் கறிவேப்பிலையையும் எடுத்துவிட்டுப் பரிமாறுங்கள். கன்னத்தில் ஒதுங்கும் ஒரு கடுகு அரை மணி நேரம் கழித்து மூச்சுக்குழலுக்குப் போகலாம். ஒவ்வொரு வாயையும் அவருக்கு வலுவாக இருக்கும் இடப்பக்கம் வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் வலது கன்னத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் சோறு தங்கியிருப்பது அவருக்கே தெரியாது.

வாய்ச் சுத்தத்தை உணவுக்குச் சமமாக நினையுங்கள். நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் கூடவே போகும் கிருமிகள்தான், வெறும் தண்ணீர் அல்ல. காலையும் இரவும் பல், ஈறு, நாக்கு மூன்றையும் மென்மையான பிரஷால் தேய்த்துவிடுங்கள். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், நுரையைத் துணியால் துடைத்தெடுங்கள். கட்டுப்பல் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். வாயைச் சுத்தம் செய்த பிறகு, உணவு முடிந்து அரை மணி கழித்து, வெறும் தண்ணீர் சில மடக்கு குடிக்கலாமா என்று விழுங்கல் சிகிச்சையாளரைக் கேளுங்கள். பலருக்கு அனுமதிப்பார்கள். அப்பாவுக்கும் அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

புரையேறும்போது தலையில் தட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. தண்ணீர் கொடுப்பது ஆபத்து. குரல்வளை எரிச்சலில் திறந்து கிடக்கும் நேரத்தில் இன்னும் ஒரு மடக்கு உள்ளே போகும். பலமாக இருமினால் இரும விடுங்கள், சற்று முன்னால் குனியச் சொல்லுங்கள். சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அது அடைப்பு. முன்னால் குனிய வைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். போகாவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே முஷ்டி வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே வீட்டில் இன்னொருவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

இருமல் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்ச்சியே மங்கி, இருமலே இல்லாமல் உள்ளே இறங்குவதும் உண்டு. காய்ச்சல், மூச்சிரைப்பு, சளியின் நிறம் மாறுதல், காரணமில்லாத சோர்வு, ஒரு வேளை சாப்பாடு அரை மணிக்கு மேல் இழுத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விழுங்கல் பரிசோதனை என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளர்தான் விழுங்கல் சிகிச்சையையும் பார்ப்பார். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்ப்பது ஒன்று, மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டு மேலிருந்து பார்ப்பது இன்னொன்று. தாமதமா, பலவீனமா, உணவுக்குழாய் வாய் திறக்காததா என்பது இவற்றில் தெரியும். பயிற்சிகள் அதைப் பொறுத்தவை. தலையைத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சி போன்றவற்றை வீடியோ பார்த்துத் தொடங்காதீர்கள். ஒருவருக்கு ஏற்றது இன்னொருவருக்கு வீண், இரத்த அழுத்தம் உள்ளவருக்குத் தீங்கு. அதுவரை எடை இறங்கிக்கொண்டே போனால், சில வாரங்களுக்கு மூக்குக் குழாய் வழியாக உணவு தரச் சொல்லலாம். அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். உடல் தேறினால் பயிற்சி பலிக்கும், பலருக்குக் குழாயை எடுத்துவிடுகிறார்கள்.

மாத்திரைகளை நீங்களாகப் பொடிக்க வேண்டாம். பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர், இசி என்று இருப்பவற்றைப் பொடித்தால், ஒரு நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கும், அல்லது வயிற்றைப் புண்ணாக்கும். எதைப் பொடிக்கலாம், எதற்குச் சிரப் உண்டு என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். முழுதாக விழுங்க வேண்டியதைத் தண்ணீரோடு தராமல், ஒரு கரண்டி கெட்டித் தயிரிலோ மசித்த வாழைப்பழத்திலோ வைத்துக் கொடுத்துப் பாருங்கள். மருந்தோடு பால் பொருள் சேரக் கூடாதென்றால் பழம்.

வாரம் ஒரு முறை அதே தராசில், காலையில், எடை பார்த்து எழுதி வையுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது அந்தக் குறிப்பையும், அவர் வீட்டில் குடிக்கும் அதே கப்பையும், கொஞ்சம் குழைந்த சாதத்தையும், சிரமம் தரும் உணவில் கொஞ்சத்தையும் எடுத்துப் போங்கள். வீட்டில் சாப்பிடுவதையே வைத்துப் பார்த்தால்தான் வீட்டுக்கு உதவும் பதில் கிடைக்கும்.